மூன்று நாள் முகாமில் மேலாளர் உருவாகிவிடுவாரா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள்.

இந்த ஆண்டில் மட்டும் என்னிடம் படித்த நான்கு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், எங்க ஆபீஸ்ல டீம் லீடுகளை எல்லாம் மூணு நாள் மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. கயிறு ஏறணும், தெப்பம் கட்டணும், காலையில மைண்ட்ஃபுல்னஸ்னு கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கணும். மேனேஜ்மென்ட் திறமை வளருமாம். நெஜமாவே பயன் உண்டா, இல்ல கம்பெனி காசுல ஒரு டூரா?" நால்வரில் ஒரு பெண் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறாள். இதை ஏற்பாடு செய்ய வேண்டிய பொறுப்பே அவளுடையது. "செலவு பண்றது வீணாகாம இருக்க என்ன செய்யணும் சார்?" என்பது அவள் கேள்வி. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக எழுதலாம் என்று தோன்றியது.

நான் மேலாண்மை படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. ஆனால் நாற்பது ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்தியிருக்கிறேன். சாரண ஆசிரியராகப் பல முகாம்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும், ஓய்வுக்குப் பிறகு படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்டவெளியில் கிடைக்கும் பயிற்சி நல்லது. மனதைக் கவனிக்கும் பயிற்சியும் நல்லது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் இன்று பல இடங்களில் விற்கப்படுவது பயிற்சியின் தோலை மட்டும்தான். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. அலுவலகத்தில் இருக்கும் கோளாறை ஊழியரின் மனக் கோளாறாக மாற்றிக் காட்ட இது வசதியாக இருக்கிறது. அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

1941இல், இரண்டாம் உலகப் போரின் நடுவில், வேல்ஸ் நாட்டின் அபெர்டோவி என்ற கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. பெயர் 'அவுட்வர்ட் பவுண்ட்'. தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கல்வியாளர் கர்ட் ஹான். இன்னொருவர் கப்பல் நிறுவன முதலாளி லாரன்ஸ் ஹோல்ட். அட்லாண்டிக் கடலில் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்ட காலம் அது. உயிர்காப்புப் படகில் ஏறிய பிறகு, உடல்வலு மிக்க இளம் மாலுமிகளைவிட வயது முதிர்ந்த மாலுமிகளே அதிகம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஹோல்ட் கருதினார். இளைஞர்களுக்கு இல்லாமல் போனது உடல் பலம் அல்ல. கஷ்டத்தில் நிதானமும், பக்கத்தில் இருப்பவன் மீது அக்கறையும். அதைக் கற்றுக்கொடுக்கத்தான் கடலுக்கும் மலைக்கும் அழைத்துப் போனார்கள்.

அதற்கும் முன்னால், 1907இல், பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு நடத்திய முகாமிலிருந்துதான் சாரணர் இயக்கம் பிறந்தது. அந்த முகாமில் ஏழைப் பிள்ளைகளும் பணக்காரப் பிள்ளைகளும் கலந்து இருந்தார்கள். அவர்களைச் சிறு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். தன் அணியின் சாப்பாடு, கூடாரம், ஒழுங்கு எல்லாம் அந்தச் சிறுவனின் பொறுப்பு. பெரியவர் தூரத்தில் நின்று பார்ப்பார். இன்று மேலாண்மைப் பாடத்தில் 'டெலிகேஷன்' என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறீர்களே, அதன் செயல்முறை இதுதான்.

நம் நாட்டில் 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால். அதே ஆண்டில் டாடா ஸ்டீல் தொடங்கிய சாகச அறக்கட்டளையை அவர் பல ஆண்டுகள் வழிநடத்தினார். நிறுவன அதிகாரிகளும் இளைஞர்களும் அங்கே தலைமைப் பயிற்சி பெற்றார்கள்.

இவற்றில் எல்லாம் பொதுவாக இருப்பது என்ன? கயிறோ பாறையோ அல்ல. உண்மையான பொறுப்பு. நான் தண்ணீர் கொண்டுவர மறந்தால் என் அணிக்குத் தாகம். என் முடிச்சு அவிழ்ந்தால் என் நண்பன் நனைவான். வகுப்பறையில் தவறு செய்தால் சிவப்பு மையோடு முடிந்துவிடும். வெட்டவெளியில் தவறுக்கு உடனே விளைவு உண்டு. அதனால்தான் அங்கே கற்றது மறப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒரு சம்பவம் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர் இதைப் படிப்பார், பெயர் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு சாரணர் முகாம். ஓர் அணியின் தலைவன் நல்ல சுறுசுறுப்பு, நல்ல குரல். கூடாரம் அடிக்க இடம் பார்த்தார்கள். மண் மெத்தென்று இருந்த ஒரு பள்ளத்தைத் தலைவன் தேர்ந்தெடுத்தான். ஆடு மேய்க்கும் வீட்டிலிருந்து வந்த சின்னப் பையன் ஒருவன், "அண்ணே, இங்க தண்ணி வரும்ணே" என்றான். "நீ முளையைப் பிடிடா" என்று சொல்லிவிட்டான் தலைவன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஓடையோ மரமோ பக்கத்தில் இல்லை. நனைவதைத் தவிர வேறு ஆபத்து இல்லை. அதனால் குறுக்கிடவில்லை. இரவு மழை பிடித்தது. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் ஓடியது. அரிசிப் பை நனைந்தது. எட்டுப் பேரும் சமையல் கொட்டகையில் உட்கார்ந்தே விடிய வைத்தார்கள்.

காலையில் நான் திட்டவில்லை. எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன நடந்தது? ஏன் நடந்தது? இன்று ராத்திரி என்ன செய்யப் போகிறீர்கள்? கொஞ்ச நேரம் மழையைக் குறை சொன்னார்கள். பிறகு தலைவனே மெதுவாகச் சொன்னான்: "அவன் சொன்னான் சார். நான்தான் காதில வாங்கலை." அன்று சாயங்காலம் கூடாரத்தை மாற்றும்போது அந்தச் சின்னப் பையனை முன்னால் விட்டு, "எங்கே அடிக்கலாம்னு நீ சொல்லு" என்றான்.

இதில் பாடம் எது? மழை அல்ல. மழையில் நனைந்தவர்கள் எல்லோரும் மேலாளர்கள் ஆகிவிட்டால் ஊரில் முக்கால்வாசிப் பேர் மேலாளர்கள்தான். காலையில் நடந்த அந்த அரை மணி நேரப் பேச்சுதான் பாடம். டேவிட் கோல்ப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1984இல் எழுதிய நூலில் இதை நான்கு படிகளாகச் சொல்கிறார். அனுபவம், அதை நின்று திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு பொது விதியை எடுத்தல், அந்த விதியை மறுபடி செய்து பார்த்தல். பல நிறுவன முகாம்களில் முதல் படியோடு கடையை மூடிவிடுகிறார்கள். தெப்பம் கட்டினோம், கைதட்டினோம், குரூப் போட்டோ எடுத்தோம், பஸ் ஏறினோம். மீதி மூன்று படிகளுக்கு நேரம் ஒதுக்கவே இல்லை. பிறகு பயன் எங்கிருந்து வரும்?

இதில் ஆய்வுகளும் உண்டு. ஜான் ஹாட்டி முதலியோர் 1997இல் சாகசக் கல்வி பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நன்றாக நடத்தப்பட்ட பயிற்சிகளின் பயன் முகாம் முடிந்த பிறகும் நீடிக்கிறது, வளரவும் செய்கிறது என்று கண்டார்கள். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள்: பயிற்சிக்குப் பயிற்சி பலன் மிகவும் வேறுபடுகிறது, நீண்ட பயிற்சிகளே அதிகம் பலன் தருகின்றன. ஆகவே மூன்று நாளில் அற்புதம் நடக்கும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இப்போது மனதைக் கவனிக்கும் பயிற்சிக்கு வருவோம். மலையேற்றத்துக்கும் கண்ணை மூடி உட்கார்வதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியான சம்பந்தம் உண்டு.

1996 மே 10 அன்று எவரெஸ்ட் சிகரத்தில் நடந்தது மேலாண்மைக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. பகல் 2 மணி ஆனால், சிகரம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று பேசப்பட்டிருந்தது. பலர் திரும்பவில்லை. இவ்வளவு பணம், இவ்வளவு உழைப்பு, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்ற நினைப்பு. புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் அனுபவம் மிக்க குழுத் தலைவர்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை, திறமை குறைவில்லை. 'இன்னும் கொஞ்சம்தான்' என்று மனம் இழுக்கும்போது, அது இழுக்கிறது என்று அந்த நொடியில் உணர்வது எவ்வளவு கடினம் என்பதைத்தான் அந்த நாள் காட்டுகிறது. நட்டத்தில் போகும் ப்ராஜெக்டை நிறுத்த முடியாமல் மேலும் மேலும் பணம் போடும் மேலாளரின் மனமும் அப்படித்தான் இழுக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஷேக்கிள்டன். அண்டார்டிகாவைக் கடக்கப் போன அவருடைய கப்பல் 1915இல் பனியில் நசுங்கி மூழ்கியது. அண்டார்டிகாவைக் கடக்கும் கனவை அவர் கைவிட்டார். இனி எல்லோரையும் உயிரோடு வீடு சேர்ப்பதே வேலை என்று இலக்கை மாற்றிக்கொண்டார். முணுமுணுக்கும் ஆட்களை ஒதுக்காமல் தன் கூடாரத்திலேயே வைத்துக்கொண்டார். அந்தக் கப்பலில் போன 28 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

தன் மனம் எங்கே ஓடுகிறது என்று ஓடும்போதே அறிவது. இதைத்தான் மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்கள். பாலி மொழியில் இதற்குச் 'சதி' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நினைவு, மறவாமை என்று பொருள். எனக்கு இதைப் படித்தபோது திருக்குறள்தான் ஞாபகம் வந்தது. பொருட்பாலில் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 54ஆவது அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி. மகிழ்ச்சி மயக்கத்தில் கடமையை மறந்துபோவது. பொச்சாவாமை என்றால் அப்படி மறக்காமல் விழிப்பாக இருப்பது. அது துறவறத்தில் இல்லை, அரசனுக்குச் சொன்ன பகுதியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துவினையாடல் என்ற வரிசைக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருக்கிறார் வள்ளுவர். நிர்வாகம் செய்கிறவனுக்கு விழிப்பு வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

அலுவலகத்தில் தியானம் என்பதும் புதிதல்ல. 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது அதன் தலைமைக் கணக்காயராக இருந்தவர் ஊ பா கின். அவர் தன் அலுவலக ஊழியர்களுக்கே விபாசனா தியானம் கற்பித்தார். அவரிடம் கற்ற வணிகர் கோயங்கா 1969இல் இந்தியா வந்து பத்து நாள் வகுப்புகளைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஜான் கபாட்-சின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியால் அவதிப்பட்டவர்களுக்காக எட்டு வாரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார். இன்றைய கம்பெனி வகுப்புகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவைதான். பத்து முழு நாட்கள், அல்லது எட்டு வாரங்கள். இருபது நிமிட ஆடியோ அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, மேலாளருக்கு இதனால் என்ன கிடைக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் தேவையான ஒன்று. கோபமூட்டும் மெயில் வருகிறது. பதில் அடிக்கக் கை போகிறது. அந்த இடத்தில் 'எனக்கு இப்போது கோபம் வந்திருக்கிறது' என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி கிடைக்கும். மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஏதோ சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டாள் என்பது கண்ணில் படும். அன்றைக்கு "தண்ணி வரும்ணே" என்றவன் குரல் காதில் விழும். அவ்வளவுதான். ஆனால் ஒரு மேலாளருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இனி, கசப்பான பகுதி.

2022இல் பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் அதிகமான மாணவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு பெற்ற பிள்ளைகளின் மனநலம், வழக்கமான பாடம் பெற்ற பிள்ளைகளைவிட மேம்படவில்லை. வீட்டில் பலர் பயிற்சியைத் தொடரவே இல்லை. ஆசிரியனாக எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. விருப்பமில்லாத பிள்ளையை உட்கார வைத்து மூச்சைக் கவனி என்றால், அது மணி எப்போது அடிக்கும் என்பதைத்தான் கவனிக்கும்.

2024இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிரிட்டனில் 233 நிறுவனங்கள், 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். மைண்ட்ஃபுல்னஸ், மன உறுதிப் பயிற்சி, செயலிகள் என்று நிறுவனம் தந்தவற்றில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. தன்னார்வத் தொண்டில் ஈடுபட வாய்ப்புத் தரப்பட்டவர்கள் சற்று நன்றாக இருந்தார்கள்.

இதற்கு அர்த்தம் தியானம் பொய் என்பதல்ல. ஐந்து பேர் வேலையை மூன்று பேர் மீது போட்டுவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பிவிட்டு, காலையில் 'மூச்சைக் கவனியுங்கள்' என்றால் அது மருந்தாகாது என்பதே அர்த்தம். கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவனுக்கு நனையாமல் இருப்பது எப்படி என்று வகுப்பெடுப்பதைப் போன்றது அது. முதலில் ஓட்டை மாற்றுங்கள். உங்களில் சிலர் தூக்கமில்லாமல், பிள்ளையின் முகம் பார்க்க நேரமில்லாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அது உங்கள் மனப்பயிற்சியின் குறைபாடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அந்த ஒரே விதிவிலக்கு, தொண்டு, என் மனதில் தங்கிவிட்டது. ஏனென்றால் நம்மிடம் அதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். உங்களில் பலர் கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போயிருப்பீர்கள். ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கி, ஏரிக்கரையைச் சுத்தம் செய்து, எண்பது பேருக்குச் சமைத்து, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி வேலையை முடித்தது நினைவிருக்கிறதா? ஆள் பிரித்தல், பொருள் கணக்கு, நேரம், சண்டை தீர்த்தல், எல்லாம் அதில் இருந்தது. வேலை முடிந்ததும் ஊருக்கு ஒரு கரையும் மிஞ்சியது. ரிசார்ட்டில் கட்டும் தெப்பத்தை மாலையில் பிரித்துப்போடுகிறார்கள். அதற்குப் பதில் யாருக்காவது பயன்படும் ஒரு வேலையைச் செய்தால் என்ன?

ஆகவே, ஏற்பாடு செய்யும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் யோசனைகள்:

1. விளையாட்டைக் குறையுங்கள், பொறுப்பைக் கூட்டுங்கள். சாப்பாடு, பாதை, நேரம், செலவு எல்லாவற்றையும் கலந்துகொள்பவர்களிடமே விடுங்கள். தலைமை தினமும் மாறட்டும். மேலதிகாரி ஒரு நாளாவது அடுப்படியில் இருக்கட்டும்.

2. ஒரு மணி நேரச் செயலுக்கு அரை மணி நேரமாவது பேச்சு வேண்டும். என்ன, ஏன், இனி எப்படி. மேலதிகாரி கடைசியாகப் பேச வேண்டும். முகாமில் பேசியதை அப்ரைசலில் இழுக்கக் கூடாது.

3. கட்டாயப்படுத்தாதீர்கள். உயரம் பயந்தவரை ஏற்றிவிட்டுக் கைதட்டுவது தலைமை அல்ல. இதய நோய், கர்ப்பம், முதுகு வலி உள்ளவர்கள் காரணத்தை எல்லோர் முன்னும் சொல்ல நேரக்கூடாது. தியானமும் அப்படித்தான். சிலருக்கு அமைதியாக உட்கார்ந்தால் பழைய துயரம் கிளம்பும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நீண்ட மௌன முகாமுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

4. பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். 2018 மார்ச் 11ஆம் தேதியை மறந்துவிடாதீர்கள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தார்கள். பலர் உங்கள் வயதுக்காரர்கள். அதன் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 40 பாதைகளை வழிகாட்டிகளோடு முறைப்படித் திறந்துவிட்டிருக்கிறது. அனுமதி, வழிகாட்டி, முதலுதவி, திரும்பும் நேரம் நான்கும் உறுதியாகாமல் காட்டில் கால் வைக்காதீர்கள். கோடையில் காய்ந்த புல்வெளிப் பக்கமே போகாதீர்கள். திரும்பிவிடலாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல மேலாளர்.

5. திரும்பி வந்த பிறகு மூன்று மாதம், வாரம் இருபது நிமிடம் அதே குழு உட்காரட்டும். முகாமில் சொன்னதில் எதைச் செய்தோம்? அலுவலகத்தில் எதை மாற்ற வேண்டும்? அந்தப் பட்டியலில் ஒன்றையாவது நிர்வாகம் மாற்றிக் காட்டட்டும். இதற்கு நிர்வாகம் சம்மதிக்கவில்லை என்றால் முகாமுக்கான பணத்தைப் போனஸாகக் கொடுத்துவிடுவது நேர்மை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேலியோடு போகாதீர்கள், பெரிய எதிர்பார்ப்போடும் போகாதீர்கள். ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். போன் எடுப்பதைவிட அது உதவும். நான் எப்போது குரலை உயர்த்தினேன், யார் சொன்னதைக் கேட்கவில்லை, யார் பேசவே இல்லை என்று ராத்திரி நான்கு வரி எழுதுங்கள். மைண்ட்ஃபுல்னஸில் பாதி அதிலேயே வந்துவிடும்.

கம்பெனி அனுப்பாதவர்களும் வருத்தப்பட வேண்டாம். சொந்தக் கடை, பட்டறை, பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். ஊழியர்களோடு ஒரு ஞாயிறு ஊர்க் குளத்துக்குப் போய்க் குப்பையை வாருங்கள். வேலையைப் பிரிக்கும் பொறுப்பைக் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் டீ குடித்துக்கொண்டு அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். செலவு டீக்காசுதான்.

நிறுவனங்களின் உள்ளே இருப்பவர்கள் நீங்கள். வெளியில் இருந்து பார்ப்பவன் நான். இப்படி ஒரு முகாமுக்குப் போய் உண்மையில் ஏதாவது மாறியிருந்தால், என்ன மாறியது, ஏன் மாறியது என்று கீழே எழுதுங்கள். மாறவில்லை என்றாலும் எழுதுங்கள். ஹெச்.ஆர். வேலையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு என் யோசனையைவிட உங்கள் அனுபவம் அதிகம் உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்